எட்டுக் கணனிகளும் ஒரு கொப்பியும்

லண்டனின் புறநகரொன்றில் சனிக்கிழமைகளில் இயங்கும் எமது தமிழ்ப் பாடசாலைக்கு 2023ஆம் ஆண்டில் ஒரு நாள் எட்டுக் கணனிகள் வந்து சேர்ந்தன. அலுவலகமொன்று தனது பழைய இயந்திரங்களைக் கழித்துவிட்டபோது, அங்கு துப்புரவு வேலை செய்யும் பெற்றோர் ஒருவர் கேட்டு வாங்கித் தந்தவை அவை. வானில் ஏற்றி வந்து மண்டபத்தின் பின்னறையில் இறக்கிவிட்டு, தேநீர் குடித்தபடி நாம் நால்வரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எம்மில் ஒருவர் ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். ஒருவர் கணித ஆசிரியை. ஒருவர் இங்கு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர். நான்காமவர் இந்நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர். அகதி விண்ணப்பத்திற்கு முடிவு வராததால் வேலை செய்ய அனுமதியின்றி இருந்தவர். கணனியைப் பற்றி முறையாகப் படித்தவர் எவருமில்லை.

"இதிலை என்ன இருக்கு, வயரைக் கொழுவினால் வேலை செய்யுந்தானே" என்றார் பெற்றோல் நிலைய அண்ணை. வயரைக் கொழுவினோம். வேலை செய்தது. சில்லெடுப்பு அதன் பிறகுதான் தொடங்கியது.

புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும், சில வேளைகளில் தகப்பன்மாரும், "கொம்பியூட்டர் வேலை பழக விருப்பம், எங்கை பழகிறது?" என்று எம்மைக் கேட்பதுண்டு. கல்லூரிகள் உண்டு, பரீட்சைகள் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கின்றோம். ஆனால் ஒரு நிறுவனத்தின் கணனிகளை ஒழுங்குபடுத்திப் பராமரிக்கும் தொழிலின் பெரும்பகுதியை நாம் கற்றது அந்தப் பின்னறையில்தான். அதுவும் பெரும்பாலும் பிழைவிட்டுத்தான்.

வீட்டுக் கணனியும் பொதுக் கணனியும்

வீட்டிலுள்ள கணனி வீட்டுக் குசினியைப் போன்றது. உப்பு எந்தப் போத்தலில் இருக்கின்றதென்று சமைப்பவருக்குத் தெரிந்தாற் போதும். கோயில் மடப்பள்ளியில் அது சரிவராது. இன்று ஒருவர் சமைப்பார், நாளை இன்னொருவர். அங்கே உப்பு எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கவேண்டும்.

இது விளங்காமல், ஆளுக்கு இரண்டு கணனிகளை எடுத்து அவரவர் விருப்பப்படி ஒழுங்கு செய்தோம். ஒருவர் கடவுச்சொல்லே வைக்கவில்லை. இன்னொருவர் வைத்துவிட்டு மறந்துபோனார். மூன்றாம் இலக்கக் கணனியில் அச்சுப்பொறி வேலை செய்யும், ஐந்தாவதில் செய்யாது. தமிழ் எழுத ஒன்றில் ஒரு விசைப்பலகை, மற்றதில் வேறொன்று. ஏழாவதில் யாரோ இலவச விளையாட்டொன்றை இறக்கிவிட, திரை முழுவதும் விளம்பரங்கள். வகுப்பு தொடங்கி அரைமணி நேரம் "ரீச்சர், என்ரையிலை வரேல்லை" என்ற குரல்களிலேயே போய்விடும்.

இரண்டு மாதம் அவஸ்தைப்பட்டபின், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினோம். இம்முறை ஒரேயொரு கணனியை மட்டும் எடுத்து, செய்யும் ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டு ஒழுங்கு செய்தோம். எதற்குப் பிறகு எது, எந்தக் கேள்விக்கு ஆம், எதற்கு இல்லை என்றெல்லாம் எழுதினோம். பின்னர் அந்தப் பட்டியலைப் பார்த்து மற்ற ஏழையும் அச்சொட்டாக அதேபோல் செய்தோம். பெரிய நிறுவனங்களில் இதையே மென்பொருள் கொண்டு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்குச் செய்கின்றார்கள். அதற்கு வின்டோஸின் வீட்டுப் பதிப்பு உதவாது, 'புரோ' என்னும் பதிப்பு வேண்டும். எட்டுக் கணனிகளுக்கு ஒரு பட்டியலும் பொறுமையும் போதுமாயிருந்தன. எல்லாம் ஒன்றுபோல் இருந்தால், ஒன்று பழுதாகும்போது பக்கத்திலுள்ளதைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

கூட்டுறவுச் சங்க ஐயாதான் கொப்பியைக் கொண்டுவந்தவர். ஊரில் சீ.ஆர். கொப்பி என்போமே, அதைப்போன்ற தடித்த மட்டைக் கொப்பி. ஒவ்வொரு கணனிக்கும் சில பக்கங்கள். முதற்பக்கத்தில் அதன் இலக்கம், தயாரிப்பாளர் இட்ட தொடரிலக்கம், நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எவ்வளவு, எந்தப் பதிப்பு என்ற விபரம். அதன்பின் திகதி, என்ன நடந்தது, என்ன செய்தோம், சரிவந்ததா, செய்தவர் யார். "களஞ்சியத்திலை ஒரு மூட்டை மா குறைஞ்சால் எழுதாமல் விடுவமோ?" என்பார் ஐயா. நாம் முதலில் சிரித்தோம். இங்குள்ள அலுவலகங்களில் கணனி உதவிப் பிரிவினர் ஒவ்வொரு முறைப்பாட்டையும் 'ரிக்கற்' என்று பதிந்து, தீரும்வரை பின்தொடர்வார்கள். ஐயாவின் கொப்பி அதுவேதான். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதுவதில்லை.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

எட்டுக் கணனிகளைவிடப் பாடசாலை நிர்வாகத்திற்கென ஒரு மடிக்கணனி இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் அதனை ஒழுங்கு செய்து தந்துவிட்டுப் பின்னர் ரொறன்ரோ போய்விட்டார். வரவுப்பதிவு, பரீட்சை விண்ணப்பங்கள், பெற்றோருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் யாவும் அதற்குள்தான்.

2024இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, யூ.எஸ்.பி. ஸ்ரிக் ஒன்றிலிருந்து வேறோர் இயங்குதளத்தைப் பரீட்சித்துப் பார்க்க எண்ணி, அந்த மடிக்கணனியின் பயோஸ் அமைப்புக்குள் நுழைந்தோம். பயோஸ் என்பது வின்டோஸ் எழும்புவதற்கு முன்னரே வேலை தொடங்கும் அடிப்படை நிரல். அதற்குள் ரி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லைத் துடைத்துவிடவா என்று ஒரு கேள்வி வந்தது. துடைப்பது நல்லதுதானே என்று எண்ணி ஆம் என்று அழுத்தினோம்.

மீண்டும் எழும்பியபோது நீலத்திரை. நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பைத் தரும்படி கேட்டது.

நடந்தது இதுதான். அந்த மடிக்கணனியின் வன்தட்டு முழுவதும் பிற்லொக்கர் என்னும் முறையால் பூட்டப்பட்டு, யாரும் வாசிக்க முடியாத வடிவில் இருந்தது. திருடு போனாலும் உள்ளே இருப்பவை வெளியே போகாதிருக்க இது நல்ல ஏற்பாடு. அந்தப் பூட்டின் திறப்பு ரி.பி.எம். சில்லுக்குள் இருந்தது. அதைத்தான் நாம் துடைத்துவிட்டோம். எஞ்சியிருந்த வழி அந்த நாற்பத்தெட்டு இலக்கங்கள் மட்டுமே. அவை இல்லாவிட்டால் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தாலும் திறந்து கொடுக்க முடியாது.

வேறு நாளாயிருந்தால் அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்போம். ஆனால் எமது பாடசாலையில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் குடும்பத்திற்கு, அகதி மேன்முறையீட்டில் சேர்ப்பதற்காக, பிள்ளைகள் எவ்வளவு காலம் ஒழுங்காக வருகின்றார்கள் என்ற கடிதத்தையும் வரவுப்பதிவையும் திங்கட்கிழமை காலை வழக்கறிஞரிடம் சேர்ப்பிப்பதாகச் சொல்லியிருந்தோம். கடிதத்தைத் திரும்ப எழுதலாம். இரண்டு வருட வரவுப்பதிவை எங்கிருந்து எழுதுவது? வேறு பிரதி கிடையாது. அந்தத் தாய் அன்று மாலைதான் தொலைபேசியில், "அண்ணை, கடிதம் ரெடியோ?" என்று கேட்டு, "ஓம் தங்கச்சி, இருக்கு" என்று பதில் வாங்கியிருந்தார்.

தம்பிக்கு அழைத்தோம். ரொறன்ரோவில் மாலை ஐந்தரை மணி, அவர் வேலையில். வட்ஸ்அப்பில் செய்தி விட்டோம். எமக்கு இரவு இரண்டு மணியானபோது அவர் எடுத்தார். முதன்முதலில் மடிக்கணனியை ஒழுங்கு செய்தபோது அவர் தனது சொந்த மைக்ரோசொவ்ற் கணக்கைப் பாவித்திருந்தார். அப்படிச் செய்தால் மீட்புத் திறப்பு அந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்படும். அது எமது அதிர்ஷ்டம். அவர் அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருந்தது இன்னுமோர் அதிர்ஷ்டம். கணக்குக்குள் மூன்று திறப்புகள் கிடந்தன. நீலத்திரையில் தெரிந்த அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளை வாசித்துக் காட்ட, எமக்குரியது எதுவென்று கண்டுபிடித்தார்.

ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுக் கூட்டங்கள். அவர் வாசிக்க ஆசிரியை எழுதினார். ஐந்தாவது கூட்டத்தைக் கணனி ஏற்க மறுத்தது. இந்த ஆறிலக்கக் கூட்டம் ஒவ்வொன்றும் பதினொன்றால் மீதியின்றி வகுபடும்படியே ஆக்கப்படுகின்றது. பிழையாக எழுதினால் உடனே அகப்படுவதற்காக. தம்பி இதைச் சொன்னதும் ஆசிரியை கடதாசியிலேயே வகுத்துப் பார்த்து, "ஐஞ்சாவது வகுபடேல்லைத் தம்பி, திரும்ப வாசியுங்கோ" என்றார். ஏழு என்று வாசித்தது ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. திருத்தினோம். திறந்தது. அந்த இரவில் ஆசிரியை முகத்தில் கண்ட சந்தோஷத்தை அதன்பிறகு நாம் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் கண்டதில்லை.

வரவுப்பதிவு ஞாயிற்றுக்கிழமை அச்சாகி, திங்கள் காலை வழக்கறிஞர் கையில் இருந்தது.

அடுத்த கிழமை செய்தவற்றைக் கொப்பி சொல்லும். இயந்திரங்கள் யாவும் பாடசாலையின் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றப்பட்டன. எந்தத் தனிமனிதரின் கணக்கிலும் எதுவும் இல்லை. மீட்புத் திறப்புகள் கடதாசியில் அச்சிடப்பட்டு, ஒன்று மண்டபத்தின் பூட்டிய அலுமாரியிலும் மற்றது தலைவர் வீட்டிலும். கோப்புகளுக்கு எப்போதும் மூன்று பிரதிகள். இரண்டு வேறுபட்ட சாதனங்களில் இருக்கவேண்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஏதாவதொரு கோப்பை உண்மையாகவே திறந்து பார்க்கின்றோம். பிரதி எடுக்கின்றோம் என்று நினைத்துக்கொண்டு வெறும் கோப்புறையை எடுத்துக்கொண்டிருந்தவர்களை நாம் அறிவோம்.

யாருக்கு என்ன அனுமதி

வின்டோஸில் நிர்வாகி என்றும் சாதாரண பாவனையாளர் என்றும் இருவகைக் கணக்குகள் உண்டு. நிர்வாகியே மென்பொருளை நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் முடியும். ஆசிரியர்களுக்குச் சாதாரண கணக்கை மட்டும் கொடுத்தபோது பின்னறையில் ஒரு சிறு பூகம்பம். "எங்களை நம்பேல்லையோ?" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். நாமும் அன்றாட வேலைக்குச் சாதாரண கணக்கையே பாவிக்கின்றோம் என்று காட்டிய பிறகுதான் அவர் சமாதானமானார். நிர்வாகிக் கணக்கில் இருந்துகொண்டு தெரியாமல் ஒரு கெட்ட இணைப்பைத் திறந்தால், வைரஸும் நிர்வாகியின் அதிகாரத்தோடு வேலை செய்யும். எம்மவர் பலருக்குத் தெரியாத இன்னொரு விடயம்: அனுமதியில்லாமல் பிறரின் கணனிக்குள் நுழைவது 1990ஆம் ஆண்டின் கணனித் துர்ப்பிரயோகச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். விளையாட்டுக்குச் செய்தாலும் குற்றமே. பாடசாலைக் கணனிக்குள் புகுந்து பார்க்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் இதனைக் கவனிக்கவும்.

புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடும் பழக்கம் எமக்கும் இருந்தது. 2017 மே 12ஆம் திகதி நடந்ததை வாசித்த பிறகு அதை விட்டுவிட்டோம். அன்று வன்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 வைத்தியசாலை நிர்வாகங்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் இரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பித்தலை மைக்ரோசொவ்ற் அதே ஆண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாமலிருந்த கணனிகள்தாம் பெரும்பாலும் அகப்பட்டன.

வின்டோஸ் 10க்கான வழமையான புதுப்பித்தல் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. வின்டோஸ் 11க்கு மாற ரி.பி.எம். சில்லின் 2.0 பதிப்பு, குறைந்தது 4 கிகாபைற் நினைவகம், 64 கிகாபைற் இடம், போதிய அளவு புதிய செயலி எல்லாம் வேண்டும். எமது எட்டில் ஐந்து தேறின. எஞ்சிய மூன்றிலும் இலவசமான லினக்ஸ் மின்ற் போட்டோம். பிள்ளைகள் வித்தியாசத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இன்று புதிதாக வந்தவர் யாராவது ஐம்பது பவுணுக்குப் பழைய கணனி வாங்கப்போனால், வின்டோஸ் 11 ஓடுமா என்று முதலில் கேளுங்கள். ஓடாதென்றால் லினக்ஸுக்கு மட்டும் வாங்குங்கள், அந்த விலைக்கு.

தமிழ் எழுத்துப் பிரச்சினை ஒரு தனிக் கதை. 1990களில் எம்மவரிடையே பரவிய பாமினி எழுத்துருவில் பாடசாலையின் பழைய வினாத்தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பாமினியில் தமிழ் என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. எனவே எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றி, எட்டிலும் தமிழ்99 விசைப்பலகையை நிறுவினோம். மாற்றும்போது பிள்ளைகளின் பெயர், விலாசம் உள்ள கோப்புகளை இணையத்திலுள்ள யாரோ ஒருவரின் மாற்றியில் ஒட்டாமல், எமது கணனியிலேயே ஓடும் மென்பொருளில் மாற்றினோம்.

தூசும் பற்றரியும்

எமது ஆறாம் இலக்கக் கணனி ஒவ்வொரு சனிக்கிழமையும் 2009ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போய்விடும். திகதி பிழைத்திருப்பதால் இணையத்தளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். றூட்டரை மாற்றினோம், வயரை மாற்றினோம், வின்டோஸையே திரும்பப் போட்டோம். கடைசியில் இளைஞர்தான் மூடியைக் கழற்றி, தாய்ப்பலகையிலுள்ள காசளவான பற்றரியைக் காட்டினார். சீ.ஆர். 2032 என்னும் மூன்று வோல்ற் பற்றரி. கணனியின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கையில் மணிக்கூட்டை ஓடவைப்பது அதுதான். கிழமை முழுவதும் செருகியைக் கழற்றி வைப்பதால், தீர்ந்த பற்றரி நேரத்தை மறந்துவிடுகின்றது. சில்லறைக் காசுக்குத் தீர்ந்தது அலுவல்.

உள்ளே கை வைப்பவர்கள் முதலில் செருகியைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போகவிடவேண்டும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னையும் போக்கவேண்டும். விசிறியில் காற்றடிக்கும்போது அது சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக்கூடாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

துடைக்கப்படாத வன்தட்டு

எட்டுக் கணனிகளும் வந்த அன்று ஒன்றைத் திறந்தபோது, முன்னைய அலுவலகத்தின் ஊழியர் பட்டியலும் சம்பள விபரமும் அப்படியே கிடந்தன. நாம் அவற்றைப் பார்க்காமல் அழித்தோம். அன்று சிரிப்பாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஐயா திடீரென்று நின்று, "எங்கடை பழைய கணனியை ஆரிட்டைக் குடுத்தனாங்கள்?" என்று கேட்டார்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் பாடசாலையின் முதலாவது கணனியை, கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலியாக்கிவிட்டு, சந்தையில் பழைய பொருள் விற்பவரிடம் கொடுத்திருந்தோம். அழித்தால் கோப்பின் பெயர் மட்டுமே பட்டியலிலிருந்து போகின்றது. மேலே வேறெதுவும் எழுதப்படும்வரை உள்ளடக்கம் வன்தட்டிலேயே கிடக்கும். இலவச மென்பொருளாலேயே அதை மீட்கலாம். அந்த வன்தட்டில் அகதி விண்ணப்பங்களுக்காக நாம் எழுதிய கடிதங்கள் இருந்தன. பெயர்கள், கிராமங்கள், ஊரில் இன்னமும் வாழும் உறவினர்களின் விபரங்கள். அது எங்கே போயிற்று என்று எமக்கு இன்றுவரை தெரியாது.

வின்டோஸில் கணனியைத் திரும்ப ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும்போது, எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு தரவைத் துப்புரவாக்கு என்ற தெரிவும் உண்டு. நேரமெடுக்கும், இருந்தாலும் அதைத்தான் தெரியவேண்டும். ஏற்கெனவே முழுதாகப் பூட்டப்பட்ட வன்தட்டென்றால் இன்னும் நல்லது. பழுதாகி எழும்பாத வன்தட்டுகளை நாம் கழற்றி உடைத்த பின்னரே மாநகரசபையின் மின்கழிவு நிலையத்தில் போடுகின்றோம். உங்கள் வீட்டுப் பழைய மடிக்கணனியையும் கைத்தொலைபேசியையும் விற்குமுன், அதற்குள் உங்கள் நேர்முக விசாரணைப் பத்திரங்களின் படங்கள் கிடக்கின்றனவா என்று யோசித்துப் பாருங்கள்.

இதை வேலையாக்க விரும்புவோருக்கு

அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் பிரித்தானியாவில் அறநிலையங்களிலும் பொது அமைப்புகளிலும் தொண்டராக உதவலாம். ஓர் ஊழியர் செய்யவேண்டிய வேலையைச் சம்பளமின்றிச் செய்வது வேறு. அதற்கு வேலை அனுமதி வேண்டும். சந்தேகமிருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும். அனுமதி கிடைத்தவர்களுக்கு, கொம்ரியா நிறுவனத்தின் ஏ-பிளஸ் சான்றிதழ் வழமையான முதற்படி. 1993இல் தொடங்கிய இது இரண்டு பரீட்சைகள் கொண்டது. 2025 மார்ச்சில் வெளியான பாடத்திட்டப்படி ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900 புள்ளி அளவில் முதலாவதற்கு 675, இரண்டாவதற்கு 700 எடுக்கவேண்டும். பரீட்சைக் கட்டணம் சிறிதல்ல. ஆனால் படிப்பதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. புரொபசர் மெசர் என்பவரின் முழுப் பாடத்தொடரும் இணையத்தில் இலவசம். எமது இளைஞர் அதை ஆங்கிலத் துணையெழுத்துகளோடு இரண்டு தடவை பார்த்தார். தொழிலும் ஆங்கிலமும் சேர்ந்தே வந்தன.

அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. ஏ-பிளஸ் பாதி முடித்த நிலையில் ஒரு பாடசாலையில் கணனித் தொழில்நுட்பவியலாளர் வேலைக்கு நேர்முகம். "ஒருவர் கணனி வேலை செய்யவில்லை என்று சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்களாம். "நேற்று வேலை செய்ததா, அதன்பின் என்ன மாறியது என்று கேட்பேன், பிறகு எழுதி வைப்பேன்" என்றாராம். வேலை கிடைத்தது; வேறு நகரம்.

அவர் போன சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கொப்பியைத் திறந்தோம். கடைசிப் பதிவு அவர் கையெழுத்தில் இருந்தது. எட்டுக் கணனிகளிலும் மடிக்கணனியிலும் தனது நிர்வாகிக் கணக்கை நீக்கிவிட்டதாகவும், நிர்வாகிக் கடவுச்சொல்லை ஆசிரியையின் முன்னிலையில் மாற்றியதாகவும், புதிய சொல்லைத் தான் பார்க்கவில்லை என்றும் எழுதி, திகதியிட்டு ஒப்பமிட்டிருந்தார். சரிவந்ததா என்ற இடத்தில், 'பரீட்சித்தேன், என்னால் இனி உள்ளே போக முடியவில்லை' என்றிருந்தது.